"இருந்து" மட்டும் போதுமா?

ஆங்கிலம் நமக்குப் பகையும் அன்று. பாட்டன் தேடி வைத்த சொத்தும் அன்று. முயன்று படித்துப் பெற வேண்டிய மொழி. அதை எந்த வழியில் படிப்பது என்பதே என்னைப் போன்ற மாணவர்களின் கேள்வி. நம் கல்லூரியில் பயில்வோருள் பெரும்பாலோர் காவிரிக் கரைச் சிற்றூர்களிலிருந்து வருபவர்கள், தமிழ்வழியில் படித்தவர்கள், வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாதவர்கள். நமக்கு ஆங்கிலம் கற்பிக்க நம்மிடமே ஒரு நல்ல கருவி இருக்கிறது. அது தமிழ் இலக்கணத்தின் வேற்றுமை இயல். அதைப் பயன்படுத்தாமல் பூட்டி வைத்திருக்கிறோம் என்பதே என் கருத்து. அதனை ஒரு சிறு செய்தியைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் சென்னையில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். மேசைக்கு அப்பால் மூவர் அமர்ந்திருந்தனர். முதற் கேள்வி மிக எளியது. "வேர் ஆர் யூ ஃப்ரம்?" என்றார் ஒருவர். "ஐ ஆம் கமிங் ஃப்ரம் திருவையாறு, சார்" என்றேன். இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "எந்த பஸ்ஸில் வந்தீர்கள்?" என்று தமிழிலேயே கேட்டார். மற்ற இருவரும் சிரித்தனர். நான் உண்மையாகவே பஸ்ஸின் பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள் எதுவும் என் காதில் சரியாக விழவில்லை.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் ஆங்கிலப் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "'ஐ ஆம் ஃப்ரம் திருவையாறு' என்றாலும், 'ஐ கம் ஃப்ரம் திருவையாறு' என்றாலும் அது உன் ஊர். 'கமிங்' என்றால் நீ அங்கிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறாய், அவ்வளவுதான்" என்றார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த என்னை ஒரு சிறு விகுதி வழிப்போக்கனாக்கிவிட்டது!

பிழை எங்கே பிறந்தது? பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த பட்டியலில் "ஃப்ரம் என்றால் இருந்து" என்று ஒரே வரி. அதை நம்பி, "திருவையாற்றிலிருந்து வருகிறேன்" என்று மனத்துள் ஒரு தமிழ் வாக்கியம் அமைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னேன். ஆனால் எண்ணிப் பாருங்கள்: சொந்த ஊரைக் கேட்டால் நம்மில் எவராவது தமிழில் அப்படிச் சொல்கிறோமா?

ஊரும் பேரும்

"தம்பிக்கு எந்த ஊர்?" என்று பெரியவர் கேட்பார். "எனக்குத் திருவையாறு, ஐயா" என்போம். இங்கே "இருந்து" இல்லை, "வருகிறேன்" இல்லை, "கு" என்னும் நான்காம் வேற்றுமை உருபுதான் உள்ளது. "அவர் கண்டியூர்க்காரர்" என்போம். அங்கும் "இருந்து" இல்லை. எந்த உருபும் வேண்டாமல் ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்துவிடுவதும் உண்டு. தை மாதத்து ஆராதனைக்கு வரும் இசைவாணர்களின் பெயர்களைப் பாருங்கள். அரியக்குடி இராமானுச ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர், மதுரை மணி ஐயர் என்று ஊரே பெயரின் முதற்பாதியாக நின்ற காலம் உண்டு. இன்று அது முன்னெழுத்தாகச் சுருங்கிவிட்டது.

இந்த ஊர்ப்பெயர் பிறந்த இடத்தைத்தான் குறிக்கும் என்பதும் இல்லை. செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908ஆம் ஆண்டு பிறந்தது திருக்கோடிகாவலில். தியாகராசரின் சமாதியைப் பேணிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் பிறந்தது மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில். அவர் பெயரில் பெங்களூர் நிற்கிறது; வாழ்ந்தது சென்னையில்; 1952இல் மறைந்தபின் அவர் நினைவிடம் அமைந்தது திருவையாற்றில். தமிழில் ஓர் ஊரை முன்னால் வைத்தால் போதும். உறவு எத்தகையது என்பதைக் கேட்பவர் அறிந்துகொள்வார்.

ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. உறவைச் சொல் போட்டுச் சொல்லச் சொல்கிறது. தியாகராசர் 1767இல் பிறந்தது திருவாரூரில். வாழ்ந்து 1847இல் மறைந்தது திருவையாற்றில். ஆங்கிலத்தில் திருவாரூரைக் குறிக்கும்போது "ஃப்ரம்" பொருந்தும். திருவையாற்றைக் குறிக்கும்போது "தி செயின்ட் ஆஃப் திருவையாறு" என்பர். முன்னது புறப்பட்ட இடம். பின்னது உரிமை கொண்ட இடம். இந்த வேறுபாட்டை "இருந்து" என்ற ஒரு சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பிடிக்க முடியாது.

இடமா, நீக்கமா?

நம் மாணவர் எழுதும் இன்னொரு வகைப் பிழையைப் பார்ப்போம். "அப்பா வேளாண்மை அலுவலகத்தில் விதைநெல் வாங்கினார்", "அக்கா கிணற்றில் தண்ணீர் இறைத்தாள்", "தம்பி மரத்தில் மாங்காய் பறித்தான்". இவை குற்றமற்ற தமிழ் வாக்கியங்கள். இவற்றை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நாம் மூன்றிலும் "இன்" போடுகிறோம். "இல்" என்றால் "இன்" என்பது நாம் மனப்பாடம் செய்த இன்னொரு வரி. ஆங்கிலத்தில் மூன்றிலும் வரவேண்டியது "ஃப்ரம்". தண்ணீர் கிணற்றை விட்டு வெளியே வருகிறது. மாங்காய் மரத்தை விட்டு நீங்குகிறது. விதைநெல் அலுவலகத்தை விட்டு வீட்டுக்கு வருகிறது.

இதை நமக்கு முதலில் சொன்னவர் ஆங்கிலேயர் அல்லர், பவணந்தி முனிவர். நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு "இல்", "இன்" என்னும் இரண்டு உருபுகளைக் கூறி, அதன் பொருள் நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்காக வகுக்கிறது. அதே "இல்" ஏழாம் வேற்றுமையில் இடப்பொருளிலும் வரும். உருபு ஒன்று, பொருள் இரண்டு. "கிணற்றில் தவளை இருக்கிறது" என்றால் இடம். "கிணற்றில் தண்ணீர் இறைத்தாள்" என்றால் நீக்கம். தமிழ் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக இந்த வேறுபாட்டைப் படித்து எழுதுகிறோம். அடுத்த மணி ஆங்கில வகுப்புக்குப் போகும்போது அதை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். "இது இடமா, நீக்கமா?" என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும், நம் பிழைகளில் பாதி எழுதுமுன்பே திருந்திவிடும்.

எல்லைப் பொருளையும் பாருங்கள். திருவையாறு தஞ்சைக்கு வடக்கே உள்ளது. "தஞ்சைக்கு" என்று "கு" போட்டுப் பேசிப் பழகியதால், ஆங்கிலத்திலும் "நார்த் டு தஞ்சாவூர்" என்று எழுதுகிறோம். பழைய இலக்கண முறைப்படி இதைத் "தஞ்சையின் வடக்கு" என்று ஐந்தாம் வேற்றுமையில் வைத்துப் பார்த்தால், "நார்த் ஆஃப் தஞ்சாவூர்" என்பது தானே வந்து பொருந்துகிறது. தொலைவைச் சொல்லும்போது "தஞ்சையிலிருந்து 12, 13 கிலோமீட்டர்" என்கிறோம். அங்கே ஆங்கிலமும் "ஃப்ரம்" என்கிறது. திசைக்கு "ஆஃப்", தொலைவுக்கு "ஃப்ரம்".

"ஆஃப்" என்பதை "உடைய" என்று மட்டுமே படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு "விட்டு, நீங்கி" என்பதே பொருள். அதன் உடன்பிறப்பான இன்னொரு "ஆஃப்" இன்றும் விலகுதலைக் குறிக்கிறது. முற்காலத்தில் இரண்டும் ஒரே சொல்லாக இருந்து பின்னர் பிரிந்தவை. நம் "இன்" உருபும் நீக்கத்துக்கு உரியதாய் இருந்து, இக்காலத்தில் "ஊரின் பெருமை" என்று உடைமைப் பொருளிலும் வழங்குகிறது. இரு மொழிகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமலே ஏறத்தாழ ஒரே வழியில் நடந்திருக்கின்றன. இதை அறிந்த மாணவனுக்கு ஆங்கிலம் அன்னிய வீடாகத் தோன்றாது.

வீணையும் அசோகாவும்

பொருள்கள் எதனால் ஆயின என்று சொல்வதும் பிறப்பிடம் சொல்வதே. இங்கும் நம் ஊர்ப் பக்கத்து எடுத்துக்காட்டுகளே போதும்.

தஞ்சாவூர் வீணை பலாமரத்தால் ஆனது. உளியால் குடையப்படுவது. கைத்திறன் மிக்க ஆசாரியால் செய்யப்படுவது. மூன்று இடத்திலும் தமிழில் "ஆல்" என்ற ஒரே உருபு. ஆனால் மூன்றும் ஒன்றல்ல என்பதை நம் இலக்கண உரையாசிரியர்கள் அன்றே பிரித்துக் காட்டினர். பலா முதற்கருவி, உளி துணைக்கருவி, ஆசாரி கருத்தா. இந்த மூன்று பெயர்களையும் தெரிந்து வைத்திருக்கும் மாணவனுக்கு ஆங்கிலத்தில் தடுமாற்றம் ஏன்? முதற்கருவிக்கு "ஆஃப்", துணைக்கருவிக்கு "வித்", கருத்தாவுக்கு "பை". ஒரே மரத்துண்டில் குடைந்து எடுக்கும் ஏகாந்த வீணையைச் சொல்ல "அவுட் ஆஃப்" என்பது பொருத்தமாக வரும். ஒன்றன் உள்ளிருந்து இன்னொன்று வெளிவருவதை அது காட்டுகிறது.

அடுத்து, திருவையாற்றின் பெயரை வெளியூர்களில் பரப்பிய அசோகா. பயற்றம்பருப்பை வேகவைத்து, சீனியும் நெய்யும் சேர்த்துக் கிளறிச் செய்வது. இதை "மேட் ஆஃப்" என்பதைவிட "மேட் ஃப்ரம்" என்பதே முறை. ஏன்? வீணையைப் பார்த்தால் அது மரம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. மூலப்பொருள் தன் தன்மை மாறாமல் நிற்கிறது. அசோகாவைப் பார்த்தால் பயற்றம்பருப்பு தெரிவதில்லை, உருமாறி வேறொன்றாகிவிட்டது. கோரைப்பாய், மண்பானை, பனையோலை விசிறி ஆகியவை "ஆஃப்". அவல், வெல்லம், தயிர் ஆகியவை "ஃப்ரம்". தன்மை மாறாதிருந்தால் "ஆஃப்", மாறிவிட்டால் "ஃப்ரம்" என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் சட்டமன்று, பெரும்பான்மை வழக்கு. ஆனால் தேர்வு எழுதும் மாணவனுக்குக் கைகொடுக்கும்.

பிறப்பிடம் என்பது இலக்கண வகுப்போடு முடியும் செய்தியும் அன்று. 1999ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை இயற்றியது. ஒரு பொருளின் சிறப்பு அது பிறந்த மண்ணால் வருவது என்றால், அம்மண்ணின் பெயரைப் பிறர் எடுத்து ஆளக்கூடாது என்பது அதன் நோக்கம். தஞ்சாவூர் ஓவியம், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, தஞ்சாவூர் வீணை ஆகியவை அந்தக் குறியீட்டைப் பெற்றுள்ளன. "தஞ்சாவூர் வீணை" என்னும்போது தொக்கி நிற்கும் வேற்றுமை உருபுக்கு இன்று சட்டமே காவல் நிற்கிறது! அந்தக் கைவினைஞர் வெளிநாட்டாருக்கு ஒரு கடிதம் எழுத நேர்ந்தால், "இது எந்த மண்ணிலிருந்து வருவது, எந்த மரத்தால் ஆனது, யார் கையால் செய்தது" என்ற மூன்றையும் பிழையின்றி எழுதித்தர நம்மைப் போன்ற உள்ளூர்ப் பட்டதாரிகள் வேண்டாமா?

யாரிடம் பெற்றோம்?

மனிதரிடமிருந்து ஒன்றைப் பெறுவதைச் சொல்லவும் தமிழ் பெரும்பாலும் "இருந்து" கேட்பதில்லை. "மாமாவிடம் கடன் வாங்கினோம்", "குருவிடம் பாட்டுக் கற்றாள்" என்போம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "ஃப்ரம்". "அப்பாவின் கடிதம் வந்தது" என்கிறோம்; உருபு உடைமையைக் காட்டினாலும் பொருள் பிறப்பிடமே; ஆதலால் "எ லெட்டர் ஃப்ரம் மை ஃபாதர்". "ஆசிரியரிடம் கேட்டேன்" என்பதோ இரு பொருள் தரும். ஒன்றைத் தெரிந்துகொள்ள வினவினேன் என்றால் ஆங்கிலத்தில் "ஆஸ்க்" என்ற வினைக்குப்பின் எந்த முன்னிடைச்சொல்லும் வேண்டாம். அவர் சொல்லக் கேட்டு அறிந்தேன் என்றால் "ஃப்ரம்" வேண்டும். தமிழில் நாம் சொல்ல வந்தது எது என்று முதலில் தெளிந்தால்தான் ஆங்கிலம் தெளியும்.

இதற்கு எதிர்மாறும் உண்டு. "காவிரி குடகில் தலைக்காவிரியிலிருந்து உற்பத்தியாகிறது" என்று நாம் எழுதுவதை ஆங்கிலத்தார், "ரைசஸ் இன் குடகு" என்று இடப்பொருளிலேயே முடிப்பர். ஆனால் கல்லணையில் காவிரியை விட்டு வெண்ணாறு பிரிவதையும், வெண்ணாற்றை விட்டு வெட்டாறு பிரிவதையும் சொல்லும்போது "ஃப்ரம்" வந்துவிடும். அங்கே நீக்கம் கண்ணுக்கு முன் நடக்கிறது. ஐந்து ஆற்றின் பெயரைத் தாங்கிய ஊரில் வாழும் நமக்கு, நீங்கலைக் கற்பிக்க இதைவிட நல்ல கரும்பலகை வேறென்ன வேண்டும்?

வீரமாமுனிவர் காட்டிய வழி

இனி என் கருத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே சிந்தித்துப் படிக்க வேண்டும், தமிழைக் குறுக்கே கொண்டுவரக் கூடாது என்று சொல்வோர் உண்டு. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அது சரியாக இருக்கலாம். வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டும் ஆங்கிலம் கேட்கும் நமக்கு அது பொருந்தாது. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தமிழில்தான் சிந்திக்கிறோம். தமிழை வாசலில் நிறுத்தினால் அது பின்வழியாக நுழைந்து "கமிங் ஃப்ரம்" என்று பேச வைக்கும். முன்வாசல் வழியாகவே அழைத்து உட்காரவைத்தால் துணை நிற்கும்.

தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்துக்கு ஏணியாக்குவது தமிழுக்குக் குறைவு என்று வேறு சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு நம் அண்டை ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்வேன். கொள்ளிடத்துக்கு வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில், 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வாழ்ந்தார். இத்தாலியில் பிறந்த அவர் தமிழில் காப்பியமே இயற்றும் அளவுக்குப் புலமை பெற்றார். தம்மைப் போல் வரும் ஐரோப்பியர் தமிழ் கற்பதற்காக அவர் பேச்சுத்தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். எந்த மொழியில்? அவர்கள் நன்கு அறிந்திருந்த இலத்தீனில். அது தரங்கம்பாடியில் அச்சேறியது. இலத்தீனிலும் பெயர்கள் வேற்றுமை ஏற்றுத் திரியும்; நீக்கப்பொருளுக்கு அம்மொழியிலும் ஒரு வேற்றுமை உண்டு. தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்கினார். அதனால் இலத்தீன் தாழவும் இல்லை. தமிழ் தாழவும் இல்லை. அவர் அந்தக் கரையில் நின்று செய்ததை நாம் இந்தக் கரையில் நின்று திருப்பிச் செய்ய வேண்டும், அவ்வளவே.

ஆங்கிலமும் ஒருகாலத்தில் பெயர்களின் ஈற்றைத் திரித்து வேற்றுமை காட்டிய மொழிதான். அந்த ஈறுகள் தேய்ந்தபின், அவற்றின் வேலையைப் பெயருக்கு முன் நிற்கும் சிறு சொற்கள் மேலும் மேலும் ஏற்றுக்கொண்டன. நம் உருபு பெயருக்குப் பின்னால் நிற்கிறது. அவர்களுடையது முன்னால் நிற்கிறது. செய்யும் தொழில் ஒன்றே.

வேற்றுமையைப் படித்தால் எல்லாம் கைகூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. "காய்ச்சலால் வருந்தினான்" என்பதற்கு "ஃப்ரம்" என்றும், "காய்ச்சலால் இறந்தான்" என்பதற்குப் பெரும்பாலும் "ஆஃப்" என்றும் ஆங்கிலத்தார் ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு எந்த ஏது நூற்பாவும் விடை தராது. அவை வழக்கு, கேட்டும் படித்தும் பழக வேண்டியவை. ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டியவை சிலவாகவும், புரிந்துகொள்ள வேண்டியவை பலவாகவும் இருப்பது நல்லதல்லவா? இன்று நம் நிலை நேர்மாறாக இருக்கிறது.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களிடம் பணிவுடன் ஒரு வேண்டுகோள். பகுதி ஒன்று தமிழும் பகுதி இரண்டு ஆங்கிலமும் ஒரே கட்டடத்தில், ஒரே மாணவர்களுக்கு நடக்கின்றன. ஆண்டுக்கு எட்டு மணி நேரம், வேற்றுமைக்கு ஒரு மணி என்று வைத்துக்கொண்டு, தமிழ்ப் பேராசிரியரும் ஆங்கிலப் பேராசிரியரும் ஒரே வகுப்பில் நின்று சேர்ந்து பாடம் நடத்தலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு கரும்பலகையின் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். வாக்கியங்களை நாங்களே எங்கள் வயலிலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் கொண்டுவருகிறோம்.

மாணவ நண்பர்களே! இனி "ஃப்ரம் என்றால் இருந்து" என்று ஒற்றை வரியில் எழுதி வைக்காதீர்கள். கிணற்றில் இறைத்த தண்ணீரையும், மாமாவிடம் வாங்கிய கடனையும், தஞ்சையின் வடக்கே நிற்கும் நம் ஊரையும் எழுதி, எதிரே ஆங்கிலத்தை எழுதுங்கள். ஒரு குறிப்பேடு நிறைவதற்குள் தயக்கம் நீங்கும். நீங்கல் என்பது ஐந்தாம் வேற்றுமைப் பொருள்தானே!

என்னைப் பார்த்துச் சிரித்தவர்மேல் எனக்கு இப்போது வருத்தமில்லை. ஆனால் அடுத்த ஆண்டு இதே ஊரிலிருந்து இன்னொரு தம்பியோ தங்கையோ அப்படியொரு மேசைக்கு முன் போய் அமர்வார்கள். "வேர் ஆர் யூ ஃப்ரம்?" என்ற கேள்வி வரும். பேருந்தின் பெயரைச் சொல்ல நேராமல், தம் ஊரின் பெயரைத் தலை நிமிர்ந்து அவர்கள் சொல்ல வேண்டும். அதற்கு வேண்டிய இலக்கணம் நம்மிடம் இருக்கிறது. எடுத்துக் கொடுப்பது நம் கடமை.